ஒரு வாரம் பேசாத தீவு: ஸோயி புயலும் டிகோப்பியாவும் (நிகழ்வு ஆய்வு)

2002 டிசம்பர் கடைசியில் தென் பசிபிக்கில் ஸோயி என்ற புயல் சாலமன் தீவுகளின் கிழக்குக் கோடியில் இருக்கும் டிகோப்பியாவையும் அனூட்டாவையும் அடித்துப் போட்டது. அந்தப் பகுதியில் அதுவரை கணிக்கப்பட்ட புயல்களிலேயே காற்றழுத்தம் மிகவும் தாழ்ந்தது இதில்தான். (மையத்தில் அழுத்தம் தாழத் தாழப் புயலின் வலு கூடும்.) அடுத்து ஏறக்குறைய ஒரு வாரம் தீவுகளிலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருப்பார்கள் என்று உலகப் பத்திரிகைகள் ஏறக்குறைய முடிவு கட்டிவிட்டன. கடைசியில் போய்ப் பார்த்தால், ஒருவர்கூடச் சாகவில்லை.

பேரிடர்ப் பாடங்களில் இதை "மக்கள் தப்பித்த அதிசயம்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தீவுக்குள் எடுத்த முடிவுகள் எப்படிப் பலித்தன, தீவுக்கு வெளியே எடுத்த முடிவுகள் ஏன் அத்தனை தாமதமாயின என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதில் கற்க ஏதாவது கிடைக்கும்.

பின்னணி: இடமும் மனிதர்களும்

டிகோப்பியா சுமார் 5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பழைய எரிமலைத் தீவு. உச்சியான ரியானி மலை 380 மீட்டர். எரிமலை வாய் இருந்த பள்ளத்தில் டெ ரோட்டோ என்ற ஏரி கிடக்கிறது. அப்போது அங்கே 1,200 பேருக்கு மேல் இருந்தார்கள். சுமார் 135 கி.மீ. தள்ளி வடகிழக்கே உள்ள அனூட்டா இன்னும் சிறியது. அரை சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது, மக்கள் ஏறத்தாழ 300 பேர். நிர்வாகப்படி இரண்டும் டெமோட்டு மாகாணத்தைச் சேர்ந்தவை. மாகாணத் தலைநகர் லாட்டா டிகோப்பியாவிலிருந்து 350 கி.மீ.க்கும் மேல், நாட்டுத் தலைநகர் ஹொனியாரா ஏறக்குறைய 1,000 கி.மீ. விமானம் இறங்க இடம் கிடையாது, துறைமுகமும் கிடையாது. எப்போதாவது வரும் கப்பல் பவளப்பாறைக்கு வெளியே நிற்கும், தோணியில் போய்த்தான் ஆளையும் சாமானையும் இறக்க வேண்டும்.

இந்த மக்கள் பாலினேசியர்கள். நான்கு குலத் தலைவர்கள் உண்டு, அவர்களை 'அரிக்கி' என்பார்கள். நிலம், மீன், பயிர் பற்றிய கட்டுப்பாடுகளில் இன்றும் அவர்கள் சொல்லுக்கு எடை அதிகம். தீவே ஒரு தோட்டம் மாதிரி: மேலே தென்னையும் ஈரப்பலாவும், நடுவில் வாழை, கீழே சேப்பங்கிழங்கு வகைகள். சாகோப் பனையும் உண்டு. நம் ஊரில் ஜவ்வரிசி என்று மரவள்ளி மாவில் உருட்டுகிறோமே, அசல் சாகோ இந்தப் பனையின் தண்டுக்குள் இருக்கும் சோற்றிலிருந்து எடுப்பது. வேறு எதுவும் கிடைக்காத காலத்தில் அந்த மாவுதான் கைகொடுக்கும். அதன் ஓலைதான் கூரைக்கும் ஆகிறது. ஈரப்பலாவை மண்குழியில் இலை விரித்துப் புளிக்க வைத்துப் பல மாதங்கள், சில நேரம் வருஷக்கணக்கில்கூட வைத்துக்கொள்வார்கள். இந்தப் புளித்த மாவுக்கு அவர்கள் மொழியில் 'மசி' என்று பெயர்.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் அனுபவத்தில் வந்தவை. 1952 ஜனவரியில் ஒரு பெரும்புயல் தோட்டங்களை அழித்தது, 1953இல் இன்னொன்று வந்தது, பஞ்சம் பிடித்தது. 1928இலேயே அங்கே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் ரேமண்ட் ஃபர்த் 1952இல் திரும்பிப் போயிருந்ததால், அந்தப் பஞ்சத்தைத் தீவு எப்படிச் சமாளித்தது என்பது விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டுகளில் சில குடும்பங்கள் அதே நாட்டின் வேறு தீவுகளான ரஸ்ஸல் தீவுகளுக்கும் மகிராவுக்கும் போய்க் குடியேறின. 2002இல் வெளியே இருந்துகொண்டு வானொலிப் பெட்டி பக்கத்தில் பதறிக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் பலர் இவர்கள் வழி வந்தவர்கள்தான்.

பின்னணி: நாட்டின் நிலை

இதைச் சொல்லாமல் மேலே போனால் அப்புறம் நடந்தது எதுவும் புரியாது. 1998 முதல் சாலமன் தீவுகளில் குவாடல்கனால், மலைட்டா என்ற இரண்டு பெரிய தீவுகளின் ஆட்களுக்கு இடையே ஆயுத மோதல். 2000 ஜூனில் ஆயுதக் குழுவினர் பிரதமரையே பிடித்து வைத்து, அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. 2002 முடிவில் கஜானா காலி, அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகவில்லை. ஆஸ்திரேலியா கொடுத்திருந்த ரோந்துப் படகுகள் இருந்தன. ஆனால் படகு ஓட டீசல் வேண்டுமே.

புயலின் பாதை

டிசம்பர் 23 வாக்கில் டுவாலுவின் ஃபுனாஃபுட்டி பக்கம் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகித் தென்மேற்காக நகர்ந்தது. அது மிதமான எல் நினோ ஆண்டு. அத்தகைய ஆண்டுகளில் வெதுவெதுப்பான நீர் கிழக்கே பரவுவதால், தென் பசிபிக்கில் புயல்கள் வழக்கத்தைவிடக் கிழக்கே பிறப்பதுண்டு. 25, 26ஆம் தேதி வாக்கில் ஃபிஜியின் நாடி நகரிலுள்ள வெப்பமண்டலப் புயல் மையம் ஸோயி என்று பெயர் வைத்தது. அதன்பின் புயல் வலுத்த வேகம் அசாதாரணமானது. 27ஆம் தேதி ஐந்தாம் வகையைத் தொட்டது, வலு அளவுகோலில் அதுதான் கடைசிப் படி. 28ஆம் தேதி உச்சம். மையத்தின் அழுத்தம் 890 ஹெக்டோபாஸ்கல், பத்து நிமிடச் சராசரிக் காற்று மணிக்கு 240 கி.மீ. இவை செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணித்தவை. 2016இல் வின்ஸ்டன் புயல் 884க்கு இறங்கும்வரை தென் பசிபிக்கில் இந்த எண்ணுக்குக் கீழே எதுவும் கணிக்கப்படவில்லை.

எண்ணைவிட மோசமானது புயலின் நடை. தள்ளிக்கொண்டு போகும் மேல்காற்று வலுவிழந்ததால் ஸோயி டிகோப்பியாவை நெருங்கியபோது ஏறக்குறைய நின்றே போனது. அங்கேயே வலஞ்சுழியாக ஒரு வளையம் போட்டுவிட்டுத்தான் தென்கிழக்கே திரும்பியது. (நம் வங்கக் கடல் புயல்களின் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே காற்றே வலஞ்சுழி. ஆனால் இங்கே சொல்வது புயலின் பாதையை.) கடந்து போகிற புயல் என்றால் ஒரு ராத்திரியில் ஓய்ந்துவிடும். நின்று சுற்றும் புயலில் காற்று திசை மாறி மாறி அடிக்கும். ஒரு பக்கம் மறைவாக இருந்த மலைச்சரிவு சில மணி நேரத்தில் காற்றின் முகத்துக்கு எதிரே வந்துவிடும். புத்தாண்டுக்குள் ஸோயி வலுவிழந்துவிட்டது.

தீவுக்குள் எடுத்த முடிவு

காற்று ஏறியதும் ஜனங்கள் கரையோரக் குடிசைகளை விட்டு மேடேறினார்கள். மலைச்சரிவில் இருக்கும் குகைகளிலும் பாறைகளின் துருத்தல்களுக்கு அடியிலும் ஒண்டிக்கொண்டார்கள். கிழவர்களும் கைக்குழந்தைகளும் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அந்தக் காற்றில் மேலே கொண்டுபோவது சாதாரண வேலை இல்லை.

இந்த முடிவு சரியாக அமைந்ததற்கு மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. முதலில், மலை இருந்தது. ஒரு தட்டையான பவளத்தீவில் இதே புயல் நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே வேறாக இருந்திருக்கும். இரண்டாவது, எங்கே போக வேண்டும் என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எந்தப் பாறை எந்தத் திசைக் காற்றுக்கு மறைவு என்பது அந்தத் தீவின் பொது அறிவு. மூன்றாவது, வீட்டைக் காப்பாற்ற யாரும் வீட்டோடு நிற்கவில்லை. அவர்களுடைய வீடு மிகத் தாழ்வான ஓலைக் குடிசை, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். காற்று பிய்த்தெறிந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். இதே சேதத்தை ஓடு, தகரக் கூரை போட்ட ஊரில் கற்பனை செய்து பாருங்கள். அங்கே பறக்கும் தகரமே ஆளைக் கொல்லும்.

கீழே கடல் ஏறி வந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் மேட்டின் மேல் இருந்த ராவெங்கா, நாமோ பகுதிக் கிராமங்கள்தான் அதிகம் அடிபட்டன. அலை அடித்துக்கொண்டு போனது போக மிச்சத்தை மணல் மூடிவிட்டது. மலையில் இலை என்று ஒன்றும் மிஞ்சவில்லை. பச்சைத் தீவு பழுப்பாகிவிட்டது. இன்னொன்றும் நடந்தது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே இருந்த மணல் திட்டு உடைந்து கடல் ஏரிக்குள் புகுந்தது. அப்போதைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க முடியாது, தலைக்கு மேலே கூரை இல்லையே.

தீவுக்கு வெளியே: அந்த எட்டு நாட்கள்

28ஆம் தேதியோடு தொடர்பு அறுந்தது. புயல் எங்கே நிற்கிறது, என்ன வேகம் என்பது ஹொனியாராவுக்கும் தெரியும், நாடிக்கும் தெரியும், ஆஸ்திரேலியாவுக்கும் தெரியும். 240 கி.மீ. காற்று 5 சதுர கிலோமீட்டர் தீவின் தலைமேல் நின்றுகொண்டிருக்கிறது என்ற பிறகு, அங்கே உதவி தேவைப்படும் என்று சொல்ல யாராவது கூப்பிட வேண்டுமா? ஆனாலும் காத்திருந்தார்கள். இந்த நிகழ்வின் முதல் பிழை அதுதான்.

இரண்டாவது, படகு. ரோந்துப் படகை அனுப்பலாம் என்று முடிவான பிறகும் எரிபொருளுக்குப் பணம் இல்லை. மாலுமிகளின் சம்பளப் பிரச்சினை வேறு. வெளியிலிருந்து பார்த்தவர்கள் "மனிதர் சாகும்போது கூலி பேசுகிறார்களே" என்று ஆத்திரப்பட்டார்கள். எனக்கு மாலுமிகள் மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. சம்பளம் ஒழுங்காக வராத ஒரு நாட்டில், புயல் இன்னும் முழுதாக ஓயாத கடலில் 1,000 கி.மீ. போகச் சொன்னால் யாரும் கேட்கக்கூடியதுதான் அது. கேள்வி கேட்கப்பட வேண்டியது, புயல் பருவம் தொடங்கும் முன்பே ஒரு பயணத்துக்கான டீசலும் மாலுமிகளுக்கான படிப்பணமும் தனியாக எடுத்து வைக்கப்படாததை. கடைசியில் ஆஸ்திரேலியாவின் பணத்தில்தான் படகு கிளம்பியது.

மூன்றாவது, விமானம். ஜனவரி 1ஆம் தேதி ஆஸ்திரேலிய விமானப்படையின் ஹெர்குலிஸ் சரக்கு விமானம் ஒன்று தீவுகளுக்கு மேலே பறந்து படம் எடுத்தது. கிராமங்கள் சிதைந்து கிடப்பதும் கீழே மனிதர் நடமாடுவதும் தெரிந்தது. ஆனால் எதையும் போடாமல் திரும்பியது. பார்த்து வருவதுதான் அந்தப் பயணத்தின் வேலை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கைவானொலிப் பெட்டியைப் போட்டிருந்தால் அடுத்த நாட்களின் ஊகம் முழுவதும் ஒரே பேச்சில் முடிந்திருக்கும். படத்தில் அழிவு தெரியும், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பது தெரியாது. அதனால் படங்கள் வெளியானதும் பயம் குறைவதற்குப் பதில் கூடியது.

முதலில் தரை இறங்கியது அரசாங்கமோ உதவி அமைப்போ இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு படப்பிடிப்பாளர் வனுவாட்டுவிலிருந்து ஹெலிகாப்டரை வாடகைக்குப் பிடித்து ஜனவரி 3ஆம் தேதி டிகோப்பியாவில் இறங்கினார். ஊர் சிதைந்து கிடந்தது, ஊர்க்காரர்கள் அவரைச் சுற்றி வந்து நின்றார்கள். சாவு இல்லை என்ற சேதி அன்றுதான் உலகத்துக்குப் போனது. தனியாள் ஒருவர் ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்துப் போய்விட முடிந்தது என்பதே, அந்த வழி எல்லோருக்கும் திறந்திருந்தது என்பதற்குச் சாட்சி. ரோந்துப் படகு மருந்தும் நிவாரணப் பொருளும் ஏற்றிக்கொண்டு 5ஆம் தேதி வந்து சேர்ந்தது. காற்று அடித்து எட்டு நாள் ஆகியிருந்தது.

அனூட்டாவிலும் உயிர்ச்சேதம் இல்லை. பயிர்ச்சேதம் டிகோப்பியாவைவிடக் குறைவு.

அதன்பின்

"யாரும் சாகவில்லை" என்ற செய்தி நல்ல செய்திதான். ஆனால் அது இன்னொரு வேலையையும் செய்தது: கேமராக்கள் கிளம்பிவிட்டன. சாவு இல்லாத இடத்தில் பேரிடர் இல்லை என்று ஆகிவிட்டது. உண்மையில் தீவின் கஷ்டகாலம் அப்போதுதான் ஆரம்பம். ஈரப்பலா, தென்னை, வாழை எல்லாம் போய்விட்டன. மண்ணுக்கடியில் இருந்த கிழங்கும் குழியில் இருந்த மசியும் கொஞ்ச நாள் ஓட்டும். வாழை ஒரு வருஷத்துக்குள் திரும்பும், மரப்பயிருக்கு வருஷக்கணக்கு. இடையில் இருக்கும் அந்த இடைவெளிக்குத்தான் வெளி உணவு வேண்டும். 1952–53 பஞ்சம் கற்றுக்கொடுத்ததும் அதுதான், புயல் நாளில் பிழைத்தவர்களைப் பின்னால் வரும் பசி பிடிக்கும். 2003இல் வெளி உதவி வந்ததால் அந்த அளவுக்குப் போகவில்லை.

அப்புறம் ஏரி. தொல்லியல் ஆய்வுகள்படி டெ ரோட்டோ ஒரு காலத்தில் கடலுக்குத் திறந்த வளைகுடாவாகவே இருந்தது. பிறகு மணல் சேர்ந்து வாய் மூடிக்கொண்டதால்தான் ஏரியானது. மக்களும் அதற்கேற்பத் தங்கள் மீன்பிடியையும் கரையோரப் பயிரையும் மாற்றிக்கொண்டார்கள். நூற்றாண்டுகளில் நடந்த அந்த மாற்றத்தை ஸோயி ஒரே நாளில் திருப்பிப் போட்டுவிட்டது. உடைப்பு வழியாக உப்புநீர் வந்துபோக ஆரம்பித்தது. ஏரி மீனுக்கு ஆபத்து, அதைவிட ஏரிக்கரையில் நிற்கும் சாகோப் பனைகளுக்கு ஆபத்து. பஞ்சகாலச் சோறும் கூரை ஓலையும் ஒரே மரத்திலிருந்து வருகிறது என்று மேலே சொன்னேன், அந்த மரம்.

தீவுக்காரர்கள் தாங்களாகவே அடைக்கப் பார்த்தார்கள், வெறும் மணலும் கல்லும் அலை முன்னால் நிற்கவில்லை. அந்தப் பக்கம் வந்துபோன பாய்மரப் படகுக்காரர்கள் உதவிக்கு வந்தார்கள். 2006இல் கம்பிவலைக் கூடைகள் கொண்டுவரப்பட்டன, கூடைக்குள் கல்லை நிரப்பி அடுக்கி அணை போட்டது ஊர் ஜனம். உடைப்பு மூடியது. டிசம்பர் 2002இல் உடைந்ததை அடைக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதையும் பெரிய நிவாரண அமைப்புகளின் திட்டம் அடைக்கவில்லை, தெரிந்தவர்கள் சேர்ந்து செய்த காரியம் அது.

நாட்டில் 2003 ஜூலையில் ஆஸ்திரேலியா தலைமையில் பிராந்திய அமைதிப்படை வந்து இறங்கியது. அது புயலுக்காக வந்ததில்லை, உள்நாட்டு மோதலுக்காக. ஸோயி என்ற பெயர் புயல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

மறுபடி நடந்தால் என்ன மாற வேண்டும்

கிளம்பும் முடிவைத் தீவின் குரலோடு கட்டிவைக்கக் கூடாது, புயலின் பாதையோடு கட்டிவைக்க வேண்டும். ஐந்தாம் வகைப் புயலின் மையம் ஆள் இருக்கும் தீவுக்கு இத்தனை கிலோமீட்டருக்குள் வந்தால், பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் படகு புறப்படும் என்று முன்பே எழுதிவைக்கலாம். தப்பான பயணமாகப் போனால் நஷ்டம் டீசல்தான்.

அந்த டீசலும் மாலுமிகளின் படியும் நவம்பர் மாதமே, புயல் பருவம் தொடங்கும்போதே, வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஓட்டாண்டியான அரசால் அது முடியாது என்றால், படகைக் கொடுத்த நாடே அந்தச் செலவையும் சேர்த்து ஏற்கலாம். கடைசியில் எப்படியும் அவர்கள்தான் கொடுத்தார்கள், புயல் அடித்த பிறகு.

பார்வையிடப் போகிற விமானம் தகவல் கேட்கவும் போகட்டும். ஒரு வானொலிப் பெட்டி, பாட்டரி, கூடவே ஓர் எளிய ஏற்பாடு: சாவு இருந்தால் கரையில் இந்த அடையாளம், வெறும் உணவு வேண்டுமென்றால் அந்த அடையாளம். சூரிய ஒளியில் ஓடும் வானொலி ஒன்று புயலின்போது மடித்துக் குகைக்குத் தூக்கிப்போகும் அளவில் இருந்தால் இன்னும் நல்லது. கம்பத்தில் கட்டிவைத்த கருவி தேவைப்படும் நேரத்தில்தான் விழும்.

தீவுக்குள் மாற்ற அதிகம் இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு இருக்கிறது. பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் கட்டும்போது வெளி ஆட்கள் சிமெண்டும் தகரமும் கொண்டுவருவார்கள். அது பலமாகத் தெரியும், ஜனங்களும் அடுத்த தடவை மலைக்குப் போகாமல் அங்கே கூடலாம். ராவெங்கா மாதிரி மணல் மேட்டில் அப்படி ஒரு கட்டடம் நின்று, அதற்குள் முந்நூறு பேர் இருந்து, கடல் ஏறினால்? கட்டுவதாக இருந்தால் மேட்டில் கட்ட வேண்டும், கட்டடம் எவ்வளவு உறுதியானது என்பது இரண்டாவது கேள்வி.

நிவாரணக் கணக்கை இறந்தவர் எண்ணிக்கையிலிருந்து ஆரம்பிக்காமல், அடுத்த ஈரப்பலா அறுவடை எத்தனை மாதம் தள்ளி என்பதிலிருந்து ஆரம்பித்தால் எவ்வளவு உணவு, எதுவரை என்பது தானே வந்துவிடும். விதைக்கிழங்கும் கன்றுகளும் முதல் படகிலேயே போயிருக்கலாம், பக்கத்துத் தீவுகளில் கிடைக்கிற அதே ரகங்கள். கம்பிவலைக் கூடைகளையும் 2003இலேயே ஏற்றியிருக்கலாம். கல் தீவிலேயே இருந்தது, அடுக்க ஆளும் இருந்தார்கள்.